பொருள்: மேற்கோளுக்கு முன்னும் பின்னும் வரும் தொடருக்கு ஒரு சொல்

கோவையிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். கல்லூரி முதலாண்டுக்கான கட்டுரைக் கையேட்டில் ஒரு சொல் இடிக்கிறது. மேற்கோள் தருமுன் "இன்னார், இன்ன நூலில்" என்று வாசகரைத் தயார்ப்படுத்தும் பகுதியை ஆங்கிலத்தில் சிக்னல் ஃப்ரேஸ் என்கிறார்கள். வரைவில் 'அறிவிப்புத் தொடர்' என்றிருக்கிறது. ரயில் நிலைய ஒலிபெருக்கிதான் காதில் விழுகிறது. நன்னூலின் 32 உத்திகளில் 'தானெடுத்து மொழிதல்' ஒன்று. அதைப் பிடித்துக்கொண்டு 'எடுப்புத்தொடர்' எனலாமா?

ஈரோட்டிலிருந்து:

ஏனுங்க ஐயா, 'எடுப்பு' என்றதும் பழைய கக்கூஸ்தான் நினைவுக்கு வரும். யாராவது 'தொடுப்பு' என்று எழுதுமுன் அதையும் தடுத்துவிடுகிறேன். அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு வகுப்பில் மேற்கொண்டு பாடம் நடத்த முடியாது.

பெயர் கிடக்கட்டும், பெயரிடப்போகும் பொருளே நமக்கு வேறு. ஆங்கிலத்தில் ஆளும் வினையும் சேர்ந்தே முன்னால் வந்துவிடலாம். தமிழில் ஆள் முன்னால், 'என்கிறார்' பின்னால், நடுவில் மேற்கோள். ஆறு வரியை நடுவில் வைத்தால் எழுவாய் ஒரு கரை, பயனிலை மறுகரை. மாணவர்கள் கடைசி 'என்கிறார்' வராமலேயே முற்றுப்புள்ளி வைத்துவிடுவது இதனால்தான். மேற்கோளை இரண்டு கையாலும் தாங்குவதால் 'ஏந்துதொடர்' என்று வைப்போம். முன்பாதி முன்னேந்து, பின்பாதி பின்னேந்து.

மேற்கோள் நீண்டால் முன்னேந்திலேயே வினையை முடித்து, "பின்வருமாறு எழுதுகிறார்:" என முக்காற்புள்ளி இட்டு, மேற்கோளைத் தனிப்பத்தியாக உள்தள்ள வேண்டும். எவ்வளவு நீண்டால்? ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கம்) நடையில் 40 சொல். அதை அப்படியே எடுக்காதீர்கள். நம் சொல்லில் உருபும் விகுதியும் ஒட்டிக்கொள்வதால் 40 தமிழ்ச் சொல் இன்னும் நீளம். மூன்று வரி என்று வைப்பதே மேல். செய்யுளுக்கு அந்தக் கணக்கும் வேண்டாம், இரண்டடிக் குறளானாலும் தனி வரிதான். ஓட்டத்தில் சேர்த்தால் அடி குலைந்துவிடும்.

நாமக்கல்லிலிருந்து:

ஏந்துதொடர் எனக்குச் சம்மதமுங்க. மரபும் இருக்கிறது. தொல்காப்பியத்தின் முதல் நூற்பாவிலேயே 'முப்பஃதென்ப' (முப்பது என்று சொல்வர்) வருகிறது. பின்னேந்து உண்டு, முன்னேந்து இல்லை; யார் சொன்னார்கள் என்று கேட்க முடியாது. நூற்பாவுக்கு அது அழகு. மாணவர் அப்படி எழுதினால் மதிப்பெண் போகும். 'கூறப்படுகிறது', 'சொல்வார்கள்', 'உள்ளதாம்' எல்லாம் இந்த வகைதான்.

பின்னேந்தில் கவனிக்க வேண்டியது வினை. 'என்கிறார்' யார் பக்கமும் சாயாது. 'ஒப்புக்கொள்கிறார்' என்றால் அதுவரை அவர் தயங்கியிருக்க வேண்டும். 'வாதிடுகிறார்' என்றால் எதிர்த்தரப்பு ஒன்று இருக்க வேண்டும். வெறும் அலங்காரத்துக்காக வினையை மாற்றிக்கொண்டே போகும் பழக்கம் உதவாது. இதைவிட நுட்பமானது என்று/என்பதை வேறுபாடு. "உலகம் தட்டை என்று கூறுகிறார்" என்றால் பொறுப்பு அவருடையது. "உலகம் தட்டை என்பதைச் சுட்டிக்காட்டுகிறார்" என்றால் மாணவரும் கூடவே கையெழுத்துப் போட்டாயிற்று. கையேட்டில் இதற்கு ஒரு பக்கமாவது ஒதுக்குங்கள்.

எடுத்துக்காட்டாக இதைச் சேர்க்கலாம். தவறு: "இன்று செய்திகள் பெருகிவிட்டன. (குறள்.) எனவே சிந்திக்க வேண்டும்." குறள் வானத்திலிருந்து விழுகிறது. திருத்தம்:

"சொன்னவரின் மதிப்பை வைத்தே ஒன்றை நம்பிவிடும் பழக்கத்தை வள்ளுவர் ஏற்கவில்லை. அறிவுடைமை அதிகாரத்தில் (குறள் 423) அவர்,

எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும் அப்பொருள்
மெய்ப்பொருள் காண்ப தறிவு

என்கிறார். குடும்பப் பெரியவர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் மருத்துவக் குறிப்புக்கும் இந்தச் சோதனை பொருந்தும்."

முன்னேந்தில் ஆள், இடம், அதற்கும் முன்னால் மேற்கோள் வரும் காரணம். பின்னேந்துக்குப் பிறகு மாணவரின் சொந்த வாக்கியம் குறைந்தது ஒன்று. அங்கே குறளின் உரையைத் திரும்ப எழுதுவதுதான் பலரும் செய்யும் பிழை. தன் வாதத்துக்கு அது எப்படி உதவுகிறது என்று எழுத வேண்டும்.

ஈரோட்டிலிருந்து:

ஒரு சேர்க்கை. நன்னூலை எழுதிய பவணந்தியார் பெருந்துறைப் பக்கத்துச் சீனாபுரத்துக்காரர் என்று சொல்லப்படுகிறது. (மேலே திட்டிய அதே 'சொல்லப்படுகிறது'தான், பொறுத்தருள்க.) பழஞ்சூத்திரத்தை எடுத்தாள்வது ஏன் என்று அவரே சொல்கிறார்: முன்னோர் மொழிந்த பொருளோடு "அவர்மொழியும் பொன்னேபோற் போற்றுவம்" என்று காட்டுவதற்காக. எதை மேற்கோளாக்குவது, எதைச் சொந்த நடையில் சுருக்குவது என்று தீர்மானிக்க இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. சொல்லே பொன்னாக இருந்தால் மேற்கோள். பொருள் மட்டும் போதுமென்றால் சுருக்கம், அதற்கும் முன்னேந்து கட்டாயம். ஒன்று மட்டும் கவனம்: அதே நூற்பாவில் வரும் 'மேற்கோள்' கொள்கை என்ற பொருளில் வருவது. மாணவர் குழம்புவார்கள்.

கோவையிலிருந்து:

'எடுப்பு'வைத் திரும்பப் பெறுகிறேன். பட்டியலில் ஏந்துதொடர், முன்னேந்து, பின்னேந்து மூன்றும் ஏறுகின்றன. 'ஏந்துதொடர்' வினைத்தொகை, சேர்த்தே எழுதவேண்டும், வல்லினம் மிகாது. மெய்ப்புப் பார்ப்பவர் 'ஏந்துத்தொடர்' என்று ஒற்றுப் போட்டுவிடாமல் ஓரத்தில் குறித்து அனுப்புகிறேன்.