படைத்தவனை மன்னிக்கலாமா? ஸெனோபிளேட்டின் கிளவுஸ் குறித்து ஒரு விவாதம்

தாழை எழுதியது:

முதலில் ஓர் எச்சரிக்கை. ஸெனோபிளேட் க்ரானிக்கல்ஸ் விளையாட்டின் முதல் இரண்டு பாகங்களின் முடிவும் இந்தத் திரியில் வெளிப்படையாகப் பேசப்படும். விளையாடி முடிக்காதவர்கள் இதற்குமேல் படிக்க வேண்டாம்.

கற்பனை உலக விளையாட்டுகளில் வரும் படைப்புக் கடவுளரைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம், "அவர் நல்லவரும் அல்லர், தீயவரும் அல்லர்" என்ற தீர்ப்பு மிக எளிதாக வழங்கப்படுகிறது. அந்தத் தீர்ப்புக்கு எடுத்துக்காட்டாகப் பெரும்பாலும் கிளவுஸைத்தான் சுட்டுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

விளையாடி நாளாகிவிட்டவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மொனோலித் சாஃப்ட் நிறுவனம் டெட்ஸுயா தகாஹாஷியின் தலைமையில் உருவாக்கி 2010இல் நின்டெண்டோவின் வீ விளையாட்டுக் கருவிக்கு வெளியான முதல் பாகத்தில், பயோனிஸ், மெக்கோனிஸ் என்ற இரண்டு பேருருவங்களின் உடல்கள்மீது உயிர்கள் வாழ்கின்றன. பயோனிஸின் ஆன்மாவான ஸான்ஸாவே அதன்மேல் வாழும் உயிர்களைப் படைத்தவன். தன்னிலிருந்து பிறந்த உயிர்கள் அறிவு முதிர்ந்து தன்னை விட்டு விலகிப் போய்விடுமோ என்று அஞ்சி, உரிய காலம் வந்ததும் அவற்றை டெலிதியா என்ற உயிரினத்தால் உறிஞ்சித் தன் உடலுக்கே திருப்பிக்கொள்கிறான். கடைசியில்தான், அவன் முன்னொரு காலத்தில் கிளவுஸ் என்ற மனித அறிவியலாளனாக இருந்தான் என்பதும், உடன் பணியாற்றிய கலேயா தடுத்தும் கேளாமல் அவன் நடத்திய ஒரு சோதனையே பழைய உலகத்தை அழித்தது என்பதும் தெரியவருகின்றன.

2017இல் வந்த இரண்டாம் பாகம், கிளவுஸின் மறுபாதி அந்தப் பழைய உலகத்திலேயே தங்கிவிட்டது என்றும், செய்ததை எண்ணி வருந்தி அங்கே உயிர்களை மீண்டும் உண்டாக்கியது என்றும் சொல்கிறது. இதைத்தான் நண்பர்கள் பலரும் ஒழுக்கத்தின் இருபொருள் நிலை என்று போற்றுகிறார்கள். குற்றம் செய்தவன் பிறகு வருந்தினான் என்பது குற்றத்தைப் பற்றி நமக்கு எந்த ஐயத்தையும் உண்டாக்குவதில்லை. தன் அண்ணன் காலியன் கண்ணெதிரே டெலிதியாவாக உருமாறுவதைப் பார்த்த, முதல் பாகத்து நாயகர்களில் ஒருத்தியான மெலியாவிடம் போய், இதைச் செய்தவனின் மறுபாதி எங்கோ வருந்திக்கொண்டிருக்கிறது என்று எவரால் சொல்ல முடியும்?

கார்முகில் எழுதியது:

தாழை, மெலியாவின் காட்சியை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. அவளுடைய இனத்தில் கலப்பில்லாதவர்கள் அனைவரும் ஒரே நாளில் உருமாறிப் போனதும், மனிதக் கலப்பால் மெலியா தப்பியதும் என்னால் மறக்கக்கூடியவை அல்ல. ஆனால் நீங்கள் இரண்டாம் பாகத்தை முதல் பாகத்துக்குப் பின்னால் சேர்க்கப்பட்ட ஒரு மன்னிப்புக் கடிதம்போலப் படிக்கிறீர்கள். நான் அதை ஒரே மனிதனைப் பற்றிய இரண்டு சாட்சியங்களாகப் படிக்கிறேன்.

கிளவுஸ் பிளவுபட்டபோது நன்மை ஒரு பக்கமும் தீமை ஒரு பக்கமுமாகப் பிரியவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஸான்ஸாவுக்குப் புதியதோர் உலகமும் அளவற்ற ஆற்றலும் கிடைத்தன. தான் எதை அழித்தான் என்பதை நினைவூட்ட அங்கே ஒரு கல்கூட இல்லை. மறுபாதியான ஆர்க்கிடெக்டுக்கோ, பாழான உலகமும் உடலின் பாதியுமே எஞ்சின. கண் திறக்கும்போதெல்லாம் அவர் செய்தது அவர் முன்னால் கிடந்தது. ஒரே மனிதன், ஒரே குற்றம். ஒருவனுக்கு அதன் விளைவு மறைந்துபோனது. மற்றவருக்கு மறையவே இல்லை. அவர் வருந்தியது அவர் இயல்பிலேயே நல்லவர் என்பதால் அன்று, தப்பிச் செல்ல இடமில்லாததால். அந்த இடத்தில் ஸான்ஸா இருந்திருந்தால் அவனும் வருந்தியிருப்பான். இவர் அங்கே போயிருந்தால் இவரும் உயிர்களை விழுங்கியிருப்பார். கடவுள்தன்மையைப் பற்றி இவ்வளவு அச்சமூட்டும் ஒரு கருத்தை வேறெந்த விளையாட்டிலும் நான் பார்த்ததில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டாம் பாகத்தில் உலக மரத்தின் உச்சிக்கு ஏறிச் சென்ற பிறகும் நாம் ஆர்க்கிடெக்டோடு போரிடுவதில்லை. அவர் பேசுகிறார், நாம் கேட்கிறோம். தம் மறுபாதி தன் படைப்புகளாலேயே வீழப்போகிறது என்றும், அதோடு தாமும் மறைவோம் என்றும் அவர் அறிந்திருக்கிறார். முதல் பாகத்து நாயகன் ஷல்க்கின் குரல் அந்த இடத்தில் ஒலிக்கும்போது, எட்டாண்டுகளுக்கு முன்னால் நாம் வென்று கொண்டாடிய ஒரு போர், மற்றொரு பக்கத்தில் ஒரு முதியவரின் இறப்பாகவும் இருந்திருக்கிறது என்பது விளங்குகிறது. அந்த வெற்றியின் பொருளையே மாற்றிவிட்டதை வெறும் சமாதானம் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

தாழை எழுதியது:

கார்முகில், சிறு திருத்தம்: எட்டாண்டுகள் அல்ல, ஏழு. அதைவிட முக்கியமானது, நீங்கள் அறியாமலே எழுதியிருக்கும் ஒன்று. ஸான்ஸாவை "அவன்" என்றும் ஆர்க்கிடெக்டை "அவர்" என்றும் குறிக்கிறீர்கள். ஆள் ஒருவன்தான் என்று வாதிடும் அதே பத்தியில் உங்கள் தமிழ் அவனை இரண்டு ஆட்களாகப் பிரித்து, ஒருவருக்கு மரியாதையும் கொடுத்துவிட்டது. முதுமையும் தனிமையும் சோகமான இசையும் சேர்ந்து நம்மை இப்படி எழுதவைக்கின்றன. அவற்றால் நாம் நெகிழ்வதை அவனுடைய ஒழுக்கத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளலாகாது.

அவன் படைத்த இரண்டாம் உலகத்தின் அமைப்பைப் பாருங்கள். பிளேடு எனப்படும் உயிர்கள் டிரைவர் எனப்படும் ஆள் ஒருவரின் தொடுகையால் படிகத்திலிருந்து எழுகின்றன. அந்த டிரைவர் இறந்தால் அவை மீண்டும் படிகமாகிவிடுகின்றன; அடுத்த முறை எழும்போது முந்தைய வாழ்வின் நினைவு ஒரு துளியும் இருப்பதில்லை. அவை வாழ்ந்து பெற்ற பட்டறிவு தரவாகச் சேகரிக்கப்பட்டு உலகத்தின் வளர்ச்சிக்குப் பயன்படுகிறது. வாழ்ந்தவருக்கு மட்டும் அது மிஞ்சுவதில்லை. பிரிகிட் ஒவ்வொரு பிறவியிலும் நாட்குறிப்பு எழுதிவைத்து, மறுபிறவியில் அதைப் படித்துத் தன்னையே தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. ஜின் தன் டிரைவரான லோராவை மறந்துவிடக் கூடாது என்பதற்காக, இறந்த அவளுடைய இதயத்தை உண்கிறான். அவர்கள் கதையைச் சொல்லும், 2018இல் வந்த டோர்னா பகுதியை முடித்தவர்களுக்கு அதன் கனம் தெரியும்.

வருந்திய கடவுள் உண்டாக்கிய உலகம் இதுதான். ஸான்ஸா உயிர்களின் உடலை உறிஞ்சினான். ஆர்க்கிடெக்ட் அவற்றின் நினைவைத் திரட்டினான். ஒருவனுக்குத் தன் இருப்பு நீடிப்பதற்காக உயிர்கள் தேவைப்பட்டன, மற்றவனுக்குத் தன் பழி தீர்வதற்காகத் தேவைப்பட்டன. இரு இடத்திலும் அவை தமக்காகப் படைக்கப்படவில்லை. புதிய மனிதர்களும் பழையவர்களைப்போலவே நடக்கக் கண்டு அவன் மனம் சோர்ந்து ஒதுங்கிவிட்டதற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன். அவர்கள் அவனுடைய கணக்கை நேர்செய்யவில்லை.

நெய்தல் எழுதியது:

இருவரும் கிளவுஸின் உள்ளத்தைத் துருவிக்கொண்டிருக்கிறீர்கள். அவன் உள்ளம் நமக்கு முழுவதும் திறந்துகாட்டப்பட்டுவிட்டதே சிக்கல் என்பது என் கருத்து. படைத்தவனே வந்து விளக்கம் கொடுத்துவிட்ட பிறகு, மன்னிப்பதா வேண்டாமா என்ற ஒரு கேள்விதான் எஞ்சுகிறது.

எல்டர் ஸ்க்ரோல்ஸ் விளையாட்டுத் தொடரின் லோர்கான் என்ற கடவுளை இதோடு வைத்துப் பாருங்கள். மண்ணுலகத்தைப் படைக்கும்படி மற்றக் கடவுளரைத் தூண்டியவன் அவன். அப்படைப்பில் அவர்கள் தங்கள் ஆற்றலை இழந்தார்கள். சிலர் இறப்புக்கும் உட்பட்டார்கள். இந்த ஒரே நிகழ்ச்சியை உயர்குடி எல்ஃபுகள் வஞ்சகம் என்கிறார்கள், ஏனெனில் தங்கள் முன்னோர் ஆவியுலகத்திலிருந்து கீழே இழுக்கப்பட்டதாக அவர்கள் நம்புகிறார்கள். வடபுலத்து நார்டுகளோ அவனை ஷோர் என்று பெயரிட்டுத் தங்கள் குலத்தலைவனாகப் போற்றுகிறார்கள். உலகத்தில் வாழ்வது கொடையா, சிறையா என்பதில் இரண்டு இனங்களுக்கு உள்ள கருத்து வேறுபாடு அப்படியே படைத்தவனின் ஒழுக்கத்தைப் பற்றிய வேறுபாடாகிவிடுகிறது. தண்டனையாகப் பிடுங்கப்பட்ட அவன் இதயத்தை 2002இல் வெளியான மோரோவிண்ட் என்ற பாகத்தில், செம்மலையின் அடியில் நாம் நேருக்கு நேர் காண்கிறோம். பிறர் அதைப் பயன்படுத்தித் தங்களைக் கடவுளாக்கிக்கொண்டார்கள், அதனால் போர்களும் கொள்ளைநோயும் வந்தன. ஆனால் அந்த இதயம் ஒரு சொல்லும் பேசுவதில்லை. யார் சொன்னது சரி என்று விளையாட்டு கடைசிவரை நமக்குச் சொல்வதுமில்லை.

வேலிப்பூ எழுதியது:

யாரும் தொடாத ஒன்றைச் சுருக்கமாகக் குறிப்பிடுகிறேன். முதல் பாகத்தில் மொனாடோ வாளும், போரின் நடுவே எதிர்காலம் கண்முன் தோன்றும் காட்சிகளும் ஸான்ஸாவின் ஆற்றல்கள். சிறுவயதிலேயே இறந்துபோன ஷல்க் உயிரோடு நடமாடியதே ஸான்ஸா அவன் உடலில் குடியேறியதால்தான். பல பத்து மணி நேரம் அந்த ஆற்றலால் வென்றுகொண்டே வந்த நாம், கடைசியில் அதன் உரியவனைத் தீயவன் என்கிறோம். தீயவன்தான், ஆனால் அவனில்லாமல் நாம் முதல் ஊரைக்கூடத் தாண்டியிருக்க மாட்டோம் என்ற கடனை எந்த உரையாடலும் சொல்வதில்லை, கட்டுப்பாட்டுக் கருவியைப் பிடித்த கைகளே சொல்கின்றன.

கார்முகில் எழுதியது:

நெய்தலுக்கு: லோர்கானைப் பற்றி நீங்கள் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் அது சாட்சியங்கள் முரண்படுவதால் வரும் ஐயம். லோர்கான் என்ன எண்ணினான் என்று ஒருநாள் தெரிந்துவிட்டால் அந்த ஐயம் தீர்ந்துபோகலாம். கிளவுஸிடம் எல்லாம் தெரிந்த பிறகும் ஒன்று தீராமல் நிற்கிறது. நாம் நான்கு பேரும் இங்கே எழுதிக்கொண்டிருப்பதே அதற்குச் சான்று. மறைத்துவைப்பதால் மட்டுமே ஒரு கடவுள் புதிராக இருப்பாரானால், அந்தப் புதிர் கதை சொல்பவருடைய மௌனத்தில் இருக்கிறதே ஒழிய அந்தக் கடவுளிடம் இல்லை.

தாழைக்கு: பிளேடுகளின் மறதியைப் பற்றி நீங்கள் எழுதியதை இரண்டுமுறை படித்தேன். என் பதிவில் அதை விட்டுவிட்டது பெரிய குறை. இந்த ஒன்றில் என் வாதம் பின்வாங்குகிறது. ஆனால் தேவையே குற்றம் என்பதுபோல நீங்கள் முடித்திருப்பதை ஏற்க மாட்டேன். எந்தத் தேவையும் இல்லாத படைப்பாளிக்குப் படைப்போடு என்ன உறவு இருக்க முடியும்? மெக்கோனிஸின் உயிர்களைப் படைத்த மெய்னெத்தும் தனிமையிலிருந்து எழுந்தவள்தான். அவளுக்கும் அவர்கள் தேவைப்பட்டார்கள். அவள் அவர்களுக்காக இறந்தாள், அவன் அவர்களை விழுங்கினான். வேறுபாடு தேவையில் இல்லை, அந்தத் தேவை வந்து அழுத்தும்போது எவரை முன்னிறுத்துகிறார்கள் என்பதில் இருக்கிறது. அப்படிப் பார்த்தால், தம் இறப்பைத் தடுக்க ஆர்க்கிடெக்ட் விரலைக்கூட அசைக்கவில்லை என்பதையும் நீங்கள் கணக்கில் சேர்க்க வேண்டும்.

தாழை எழுதியது:

மெய்னெத்தை நான் மறந்திருக்கக் கூடாது. தேவையைக் குற்றமாக்கிய என் வரியைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆனால் மன்னிப்பைப் பற்றிய என் நிலை மாறவில்லை. புறநானூற்றின் 194ஆம் பாட்டில் பக்குடுக்கை நன்கணியார், ஒரு வீட்டில் சாப்பறையும் இன்னொரு வீட்டில் மணமுழவும் ஒரே நேரத்தில் ஒலிக்கக் கேட்டு, இப்படியோர் உலகத்தை உண்டாக்கியவனை "படைத்தோன் மன்ற அப் பண்பிலாளன்" என்கிறார். அதன் பிறகு, உலகத்தின் இயல்பை உணர்ந்தவர்கள் அதில் இனியவற்றைக் காணட்டும் என்று முடிக்கிறார். படைத்தவனை மன்னித்ததாக அவர் எங்கும் சொல்லவில்லை. பண்பில்லாதவன் என்ற சொல் அப்படியே நிற்க, வாழ்வதற்கான வழியை மட்டும் காட்டுகிறார். ஷல்க் செய்ததும் இதுவே என்று நினைக்கிறேன். புதிய உலகத்தின் கடவுளாகும் வாய்ப்பை, மொனாடோவின் உள்ளுயிரான ஆல்விஸ் அவன் முன் வைத்தபோது, கடவுளே இல்லாத உலகம் ஒன்றைத்தான் அவன் கேட்டான். முதல் பாகம் அந்த இடத்தில் மன்னிப்பைப் பற்றிப் பேசாமலே நிறைவடைந்திருந்தது. இரண்டாம் பாகம் ஆர்க்கிடெக்டை நம் முன்னால் உட்காரவைத்து, அவனுக்காக இரங்கும்படி கேட்கிறது. நான் இரங்கினேன், மறைக்கவில்லை. ஆனால் காலியனின் பொருட்டும் லோராவின் பொருட்டும் மன்னிக்க எனக்கு உரிமை இல்லை.

கார்முகில் எழுதியது:

உரிமை இல்லை என்பதை ஏற்கிறேன். விளையாட்டும் இரண்டாம் பாகத்து நாயகன் ரெக்ஸிடம் அந்த உரிமையைக் கொடுத்துவிட்டதாக நான் வாதிட மாட்டேன்.

"அவன்", "அவர்" என்று நான் பிரித்து எழுதியதைப் பற்றி இரண்டு நாட்களாக யோசித்தேன். இறைவன், ஆண்டவன், படைத்தவன் என்று தமிழில் கடவுளைப் பெரும்பாலும் ஒருமையில்தான் சொல்கிறோம். கோயிலில் நின்று அழும்போதும் "நீ" என்றுதான் கேட்கிறோம். அது நெருக்கத்தின் ஒருமை, கோபத்துக்கும் அதே சொல்தான். ஆகவே ஆர்க்கிடெக்டையும் இனி "அவன்" என்றே எழுதுகிறேன். உங்கள் "அவன்" எதிலிருந்து வருகிறது, என்னுடையது எதிலிருந்து வருகிறது என்பதில் நமக்குள் இருக்கும் வேறுபாடு அப்படியே இருக்கட்டும்.