மறு: கியர் மாறி விழுவதற்கு என்ன சொல்?

அனைவருக்கும் வணக்கம்.

ஓடும் வண்டியில் போட நினைத்த கியருக்குப் பதில் கீழ்க் கியர் விழுந்து, எஞ்சின் வரம்பு மீறிச் சுற்றுவதை ஆங்கிலத்தில் 'மணி ஷிஃப்ட்' என்கிறார்கள்; நம் கலைச்சொல் அகராதிக்கு அதற்குத் தமிழில் என்ன சொல் என்பதுதான் கேள்வி. இந்த இழையில் வந்த சொற்களை ஒரு தடவை வரிசையாக வைத்துவிட்டு என் பங்கைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> பணமாற்று, செலவு மாற்றம், பல்லிணைப் பிழை, கியர் தவறல், மிகைச்சுழற்சி

பணமாற்று வேண்டவே வேண்டாம். 'மணி ஷிஃப்ட்' என்பது அமெரிக்கக் கார்ப் பிரியர்கள் கேலியாக வைத்த பெயர், ஒரு தடவை கியரைத் தப்பாகப் போட்டால் பர்ஸ் காலி என்று அர்த்தம். அதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கி காரைக்குடியில் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், சிங்கப்பூர் வெள்ளி மாற்றும் கடைக்குத்தான் வழி சொல்வார்கள். செலவு மாற்றமும் அதே கதைதான். பல்லிணை என்றால் கியர்தான், ஆனால் பல்லிணைப் பிழை என்றால் கியரில் ஒரு பல் உடைந்தது என்றுதான் நான் முதலில் நினைத்தேன், படிக்கிறவர்களும் அப்படித்தான் நினைப்பார்கள்.

'கியர் தவறல்' பரவாயில்லை, ஆனால் அதற்குள் இரண்டு சங்கதி கிடக்கிறது. மூன்றிலிருந்து நான்கு போடும்போது கியர் குச்சி எதிலும் விழாமல் நியூட்ரலில் நின்றுவிட்டால் அதுவும் தவறல்தான். கால் ஆக்ஸிலரேட்டரில் இருந்தால் எஞ்சின் கத்தும், நிமிடத்துக்கு 6,500 சுற்றுப் பக்கம் போனதும் எஞ்சினின் கணினி பெட்ரோலை வெட்டிவிடும், ஓட்டுகிறவருக்கு வெட்கம், வண்டிக்கு ஒன்றும் ஆகாது. நாம் சொல் தேடுவது இதற்கு இல்லையே. வேண்டிய கியருக்குப் பதிலாகக் கீழ்க் கியர் விழுந்து, கிளட்சையும் விட்ட பிறகு நடப்பதற்குத்தான் தேடுகிறோம்.

அது எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், சொல் அதிலிருந்துதான் வரவேண்டும். நம் வண்டியில் ஸ்டீயரிங் வலப்பக்கம், கியர் போடுவது இடக்கை. ஐந்து நமக்குக் கிட்டத்தில் மேலே இருக்கிறது, நான்கு நடுவில் கீழே, இரண்டு அந்தக் கோடியில் கீழே. ஐந்திலிருந்து நான்குக்கு இறக்கும்போது குச்சியை ஐந்திலிருந்து கழற்றிக் கையைத் தளர்த்தினாலே உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அதை நடுவுக்குக் கொண்டுவந்துவிடும், அப்படியே கீழே இழுத்தால் போதும். ஆனால் திருமயம் ரோட்டில் ஒரு லாரியை முந்தும் அவசரத்தில் கை அந்த ஸ்பிரிங்கை நம்பாது. அழுத்தித் தள்ளும், நடுவைத் தாண்டும், நேரே இரண்டில் போய் விழும். கியர்களின் வேகத்தை ஒத்துவரச் செய்யும் சிங்க்ரோ வளையம் கொஞ்சம் எதிர்க்கும், கையிலேயே தெரியும், ஆனாலும் வேகத்தில் அமுக்கினால் உள்ளே போய்விடும். எஞ்சினைத் தாங்கும் மவுண்ட் தளர்ந்த வண்டியிலும், கியர் லீவரின் புஷ் தேய்ந்து குச்சி லொடலொடவென்று ஆடும் வண்டியிலும் இதற்கு வாய்ப்பு இன்னும் அதிகம்.

இனிக் கணக்கு. ஐந்தாவது கியரின் விகிதம் (கியர்பாக்ஸின் வெளித்தண்டு ஒரு சுற்று சுற்ற எஞ்சின் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பது) 0.8, இரண்டாவதின் விகிதம் 1.9 என்று வைத்துக்கொள்ளுங்கள், சின்னப் பெட்ரோல் கார்களில் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். ஐந்தில் 3,500 சுற்றில் ஓடிய எஞ்சின் கிளட்சை விட்ட மறுகணம் 8,300 சுற்றுக்குப் போயாக வேண்டும். அதே கணினி அப்போதும் பெட்ரோலை வெட்டத்தான் செய்யும், ஆனால் வெட்டி என்ன பயன், எஞ்சினைச் சுற்றுவது இப்போது பெட்ரோல் இல்லை, சக்கரம். ஒரு டன் வண்டியின் ஓட்டம் மொத்தமும் டயர் வழியாகவும் கியர்பாக்ஸ் வழியாகவும் பின்னோக்கி வந்து எஞ்சினைப் பிடித்துச் சுற்றுகிறது. 8,300 சுற்று என்றால், காற்றை உள்ளே விட்டுப் புகையை வெளியே விடும் ஒவ்வொரு வால்வும் வினாடிக்கு எழுபது தடவை திறந்து மூட வேண்டும். வால்வு ஸ்பிரிங்கால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. பல எஞ்சின்களில் வால்வு மூடி முடிக்கும் முன்பே பிஸ்டன் மேலே வந்து இடித்துவிடும். பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடில் ஏறும் விசை சுற்றின் வர்க்கத்துக்கு ஏற்றபடி கூடும், அதாவது 6,000-ல் இருப்பதைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ராடு போல்ட் அறுந்தால் எஞ்சின் பிளாக்கில் ஓட்டை விழுந்து எஞ்சினே போய்விடும். (மழையில் ரோடு நனைந்திருந்தால் சில நேரம் முன்சக்கரம் வழுக்கி எஞ்சின் தப்பித்துக்கொள்ளும். ஆள் தப்பிப்பாரா என்பது வேறு விஷயம்.)

செக்காலைப் பக்கம் தெரிந்த பட்டறையில் இப்படி வந்த ஒரு வண்டியின் ஹெட்டை, அதாவது வால்வுகள் இருக்கும் எஞ்சினின் மேல்பாகத்தை, கழற்றிப் போட்டிருந்தார்கள். பிஸ்டன்களின் தலையில், கரி படிந்த கறுப்புக்கு நடுவே, நகம் பதிந்தது போலப் பளபளவென்று பிறை வடிவில் வடு, வால்வு இடித்த இடம். ஹெட்டைச் சாய்த்து வைத்து வால்வு வழிகளில் மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். நல்ல வால்வுகள் ஒரு சொட்டு விடவில்லை, வளைந்தவை ஓரத்தில் கசிந்து மினுங்கின. கழற்றிய வால்வு ஒன்றைக் கண்ணாடித் துண்டின் மேல் உருட்டியபோது அதன் தண்டு நொண்டி நொண்டி ஓடியது. வெறும் கண்ணுக்கு அது நேராகத்தான் தெரிந்தது. மெக்கானிக் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நாலு போடப் போயி ரெண்டுல மாறி விழுந்திருச்சுண்ணே, டயரு எஞ்சினை இழுத்துருச்சு."

நமக்கு வேண்டியது எல்லாம் இந்த வாக்கியத்திலேயே இருக்கிறது என்பது என் எண்ணம். மாறி விழுந்தது காரணம், டயர் எஞ்சினை இழுத்தது விளைவு. இரண்டுக்கும் ஒரே சொல்லைத் தேடியதால்தான் இத்தனை நாள் முட்டிக்கொண்டிருந்தோம். என் முன்மொழிவு: காரணத்துக்கு மாறிவிழல், விளைவுக்கு இழுசுழற்சி. இழுவிசை என்று பாடப்புத்தகத்தில் படித்த பிள்ளைக்கு இழுசுழற்சி புரியாமல் போகாது. வெறும் மிகைச்சுழற்சி என்றால் நியூட்ரலில் எஞ்சின் கத்துவதும் அதில் சேர்ந்துவிடும், கணினி காப்பாற்றும் வகையும் காப்பாற்ற முடியாத வகையும் பிரியாது.

கியர் என்பதைத் தமிழாக்கியே தீரவேண்டும் என்பவர்களுக்கு ஒன்று. செட்டிநாட்டுக் கணக்கில் ஐந்தொகை என்று ஒரு சொல் உண்டு, இன்று ஆங்கிலத்தில் பேலன்ஸ் ஷீட் என்கிறார்களே அதுதான். அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று வேலைக்கு வேலை பெயர் இருந்தது. இப்படித் தமிழ்ச் சொல் வைத்திருந்த அதே ஆட்கள்தான் மலேயாவிலும் சிங்கப்பூரிலும் கிட்டங்கி என்ற தொழில் கட்டடத்தில் உட்கார்ந்து தொழில் செய்தார்கள். கிட்டங்கி எந்த ஊர்ச் சொல் என்று யாரும் விசாரித்துக்கொண்டிருக்கவில்லை, அந்தச் சொல்லிலேயே தொழில் நடந்தது. கியரும் அப்படி இருந்துவிட்டுப் போகட்டும் என்கிறேன்.

ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள்.

— காரைக்குடி

* * *

தம்பிக்கு,

இழுசுழற்சி அருமை. அதைத் தொடாதே. மாறிவிழல்தான் எனக்கு உறுத்துகிறது. விழல் என்றால் ஒன்றுக்கும் உதவாத புல். 'விழலுக்கு இறைத்த நீர்' என்று சொல்லிச் சொல்லியே நாற்பது பேர் வகுப்பை மேய்த்தவள் நான், கலைச்சொல் அகராதியில் அந்தப் புல்லைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். மாறிவிழுகை என்று திருத்தலாம், இலக்கணம் இடம் கொடுக்கும், ஆனால் வாய்க்கு வராது. பட்டறைப் பையன் ஒருவன்கூட 'விழுகை' என்று சொல்லமாட்டான்.

ஆள் மாறாட்டம் என்கிறோமே, அதைப் போல கியர் மாறாட்டம் என்றால் என்ன? ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இன்னொன்று வந்து நிற்பது. விளக்கம் சொல்லாமலே எல்லாருக்கும் புரியும்.

— பள்ளத்தூர்

* * *

பள்ளத்தூர் ஆச்சி சொல்வது நன்றாக இருக்கிறது, ஆனால் ஒரு சந்தேகம். ஆள் மாறாட்டத்தில் ஏமாற்று வேலை இருக்கிறது, வேண்டுமென்றே செய்வது. கியர் மாறாட்டம் என்று எழுதினால் ஓட்டுகிறவர் மேல் பழி விழாதா? இதைச் சும்மா கேட்கவில்லை. நம் ஊர் வழக்கமான வாகனக் காப்பீட்டில் இயந்திரக் கோளாறு சேராது, வாரண்டியில் கேட்டால் 'ஓவர் ரெவ்' (அளவு மீறிச் சுற்றியது) என்று ஒரு வார்த்தை எழுதிக் கையை விரித்துவிடுவார்கள். போர்ஷே வண்டிகளின் கணினி எந்த அளவு சுற்றுக்குப் போனது என்பதையே படி வாரியாகப் பதிந்து வைக்கிறது, பழைய வண்டி வாங்குகிறவர்கள் அந்த அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறார்கள். தமிழில் ஒருவர் தன் பக்கத்து நியாயத்தை எழுத வேண்டி வந்தால் சொல்லே அவருக்கு எதிர்ச்சாட்சி ஆகக்கூடாது.

இன்னொன்று, டீசலையும் விளக்கத்தில் சேருங்கள். அதற்கு வரம்பே 5,000 சுற்றுப் பக்கம்தான், பிஸ்டனுக்கும் வால்வுக்கும் நடுவில் இடைவெளியும் குறைவு, அதனால் சீக்கிரமே இடிக்கும்.

— தேவகோட்டை

* * *

தேவகோட்டை அண்ணே, புத்தி மாறாட்டம் என்றும் சொல்கிறோமே, அதில் யார் வேண்டுமென்றே செய்கிறார்கள்? பழி வராது என்று நினைக்கிறேன். ஆச்சியின் சொல்லையே எடுத்துக்கொள்வோம். 'விழு' என்ற வினையை விளக்கத்துக்குள் வைத்துக்கொள்கிறேன், பட்டறை வழக்கு அதுதான், அதை விட எனக்கு மனசில்லை.

பதிவு இப்படி இருக்கட்டும்:

கியர் மாறாட்டம் – வேகமாக ஓடும் வண்டியில், போட நினைத்த கியருக்குப் பதில் அதைவிடக் கீழ்க் கியர் விழுவது.

இழுசுழற்சி – கிளட்சை விட்டு எஞ்சினும் சக்கரங்களும் இணைந்த நிலையில் சக்கரங்கள் எஞ்சினை அதன் வரம்புக்கு மேல் சுற்றுவது. எரிபொருளை வெட்டினாலும் நிற்காது, கிளட்சை மிதித்தால்தான் நிற்கும். வால்வு வளைவு, வால்வுகளை ஓட்டும் டைமிங் செயின் பல் தாண்டல், கனெக்டிங் ராடு முறிவு ஆகியவற்றுக்குக் காரணமாகலாம். டீசல் எஞ்சினில் குறைந்த சுற்றிலேயே நேரும்.

இதன் கீழ் ஒரு வரி சேர்க்கலாமா என்று கேட்கிறேன், அகராதிக்கு அது வேலையில்லை என்று சிலர் சொல்லக்கூடும்: இழுசுழற்சி நேர்ந்த எஞ்சினை அணைத்துவிட்டு, சிலிண்டர்களில் கம்ப்ரஷன் (அழுத்தம்) பார்க்கும் வரை திரும்ப ஸ்டார்ட் செய்யக்கூடாது. வளைந்த வால்வோடு ஓட்டினால் அதன் தலை முறிந்து உள்ளே விழக்கூடும், ஹெட் வேலையோடு போக வேண்டியது எஞ்சின் மாற்றுவதில் முடியக்கூடும்.

சுற்று எல்லை மீறும்போது எரிபொருளை வெட்டும் 'ரெவ் லிமிட்டர்' பாக்கி இருக்கிறது. சுழற்சி வரம்பி, சுற்றுத்தடை என்று இரண்டு வந்திருக்கின்றன. எனக்கு இரண்டாவது பிடித்திருக்கிறது, ஆனால் அதை இங்கே இழுக்க வேண்டாம், தனி இழையாகப் போட்டுவிடுகிறேன்.

— காரைக்குடி