பிள்ளைகளோடு இரவுச் செபம்: அனுபவப்பட்ட பெற்றோர் உதவுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். காரைக்குடியில் வசிக்கும் கத்தோலிக்கக் குடும்பம் எங்களுடையது. மகளுக்கு 11 வயது, மகனுக்கு 6. வீட்டுச் செபத்தைப் பிள்ளைகள் ஆசையோடு எதிர்பார்க்க வேண்டும் என்பதுதான் என் தவிப்பு.

கணவர் கடையடைத்து வர ஒன்பதரை ஆகிவிடும். அதற்குள் சின்னவன் செபமாலையைக் கையில் பிடித்தபடியே தூங்கி விழுகிறான். அவனுக்குச் செபமாலையில் பத்து மணிகள் கொண்ட ஒரு பகுதி மட்டும் போதாதா? போதும் என்றே எனக்குப் படுகிறது. உங்கள் வீட்டில் எப்படி?

மகளின் ஏக்கம் வேறு. பக்கத்து வீட்டு நகரத்தார் குடும்பத்தில் பிள்ளையார் நோன்பன்று வெளியூர்ப் பிள்ளைகள்கூட வந்து சேர்ந்து, பெரியவர் கையால் இழை (மாவில் நூல்திரி வைத்து ஏற்றிய பிரசாதம்) வாங்கிக்கொள்கிறார்கள். "நம் வீட்டிலும் இப்படி எல்லாரும் சேர்ந்து செய்ய ஒன்று வேண்டும் அம்மா" என்கிறாள். எவ்வளவு நல்ல ஆசை! அந்த நாட்களையொட்டித்தான் நமக்குக் கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலமும் வருகிறது. நான்கு ஞாயிறுகளுக்கு ஊதாவில் மூன்று, ரோஜா நிறத்தில் ஒன்று என மெழுகுவர்த்தி ஏற்றலாம் என்றிருக்கிறேன். விவிலியத்தை மகள் வாசிப்பாள். எந்தப் பகுதிகளை வாசிக்கலாம்? சின்னவனுக்கு என்ன வேலை கொடுக்கலாம்?

இன்னொன்று. விடுமுறையில் இராமநாதபுரம் மாவட்டத்து ஓரியூர் திருத்தலத்துக்குப் போகிறோம். புனிதரின் இரத்தம் பட்டுச் சிவந்ததாக நம்பப்படும் அந்தச் செம்மண்ணைப் பார்த்ததும் மகன் நிச்சயம் காரணம் கேட்பான். 1693இல் அங்கே தலை வெட்டப்பட்டு உயிர்துறந்த போர்ச்சுகல் நாட்டுக் குரு புனித அருளானந்தரின் (ஜான் டி பிரிட்டோ) கதையை, ஆறு வயதுப் பிள்ளை மிரளாதபடி எப்படிச் சொல்வது? சொல்லிப் பார்த்தவர்கள், பிள்ளைகள் திருப்பிக் கேட்ட கேள்விகளையும் சேர்த்து எழுதுங்கள்.