அல்ஜீரியா மாணவர் ஸ்டார்ட்அப்: வட்டி படாமல் முதல் பணம் (அனுபவப் பகிர்வு)

தொடக்கப் பதிவு

அஸ்ஸலாமு அலைக்கும். அல்ஜீரியாவில் 2022 செப்டம்பரில் வந்த 1275ஆம் எண் ஆணைப்படி, இறுதியாண்டு மாணவர்கள் தங்கள் ஆய்வேட்டையே ஸ்டார்ட்அப் திட்டமாகவோ காப்புரிமையாகவோ செய்து பட்டம் வாங்கலாம். மென்பொருள், செயலி என்று வரும் அணிகள் நிறைய. யோசனையும் மாதிரியும் தயாரான பிறகு, பணம் வாங்கும் கட்டத்தில்தான் பலர் தயங்கி நிற்கிறார்கள். இஸ்லாமிய மார்க்கம் எந்த இடத்தில், எந்தத் தாளில் குறுக்கிடுகிறது என்று விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

கணக்கர்

வ அலைக்கும் ஸலாம். பழைய பிரச்சினையிலிருந்து தொடங்குகிறேன். இளைஞர் கடனுக்கு அங்கே அன்செஜ் என்ற அரசு முகமை இருந்தது. 2020இல் அது அனாட் ஆனது. அதன் முக்கூட்டுத் திட்டத்தில் இளைஞர் கொஞ்சம் போடுவார், முகமை வட்டியில்லாமல் ஒரு பங்கு தரும், பெரும்பகுதியை வங்கி கொடுக்கும். வங்கி வட்டியை அரசே ஏற்றுக்கொண்டது. கையிலிருந்து வட்டி போகவில்லையே என்று ஒரு தரப்பு வாங்கியது. ஒப்பந்தத்தில் வட்டி இருக்கிறது, யார் கட்டினாலும் அது ரிபாதான், மார்க்கம் தடுத்த வட்டிதான் என்று இன்னொரு தரப்பு ஒதுங்கியது. ஒதுங்கியவர்களைச் சோம்பேறிகள் என்று பேசியது அநியாயம். அவர்கள் கையெழுத்துப் போடும் தாளைப் படித்தவர்கள்.

2020 அக்டோபரில் ஆறு அரசு வங்கிகள் சேர்ந்து தொடங்கிய அல்ஜீரிய ஸ்டார்ட்அப் நிதியம் இந்தச் சிக்கலைக் கடன் பக்கத்தில் தீர்க்கப் பார்க்காமல் விட்டது. அது கடன் கொடுக்காது, நிறுவனத்தில் பங்கு எடுக்கும். நஷ்டம் வந்தால் அதற்கும் நஷ்டம். அதற்குப் போக முதலில் தேசியக் குழுவின் முத்திரை, அதாவது அங்கீகாரம், வேண்டும். கம்பெனி பதியாத மாணவர் அணி ‘புதுமைத் திட்டம்’ முத்திரைக்கு விண்ணப்பிக்கலாம். ‘ஸ்டார்ட்அப்’ முத்திரைக்குக் கம்பெனி வேண்டும், வயது 8 ஆண்டுக்கு மேல் போகக் கூடாது, ஊழியர் 250ஐத் தாண்டக் கூடாது, மூலதனத்தில் பாதியாவது தனிநபர்களிடமோ அங்கீகரித்த முதலீட்டு நிதிகளிடமோ முத்திரை பெற்ற வேறு ஸ்டார்ட்அப்களிடமோ இருக்க வேண்டும். மாமாவின் வர்த்தகக் கம்பெனி பேரில் 60% எழுதிவிட்டு வரும் அணிகள் இங்கேதான் விழும்.

ஒப்பந்தம் பார்ப்பவர்

பங்கு என்றாலே ஹலால் ஆகிவிடாது. பஹ்ரைனில் இருக்கும், இஸ்லாமிய நிதிக்குத் தரநிலை வகுக்கும் ஆயோஃபி அமைப்பின் தரநிலைப்படி, லாபப் பங்கீட்டிலோ கம்பெனியைக் கலைக்கும்போதோ மற்றவருக்கு முந்திப் பணம் எடுக்கும் முன்னுரிமைப் பங்குக்கு அனுமதி இல்லை. வெளிநாட்டு முதலீட்டாளர் நீட்டும் தாளில் ‘கலைப்பு முன்னுரிமை’ என்ற ஷரத்து ஏறக்குறைய எப்போதும் இருக்கும். பின்னால் பங்காக மாறும் கடனான கன்வெர்டிபிள் நோட்டில் வட்டி விகிதம் வெளிப்படையாகவே இருக்கும். அமெரிக்க ஸ்டார்ட்அப் முதலீட்டு நிறுவனமான ஒய் காம்பினேட்டர் 2013இல் கொண்டுவந்த, இப்போது பணம், பின்னால் பங்கு என்ற சேஃப் ஒப்பந்தத்தில் வட்டியும் கெடுவும் இல்லை என்று பலர் நிம்மதியாகிறார்கள். ஆனால் கம்பெனி மூடினால் சாதாரணப் பங்குதாரருக்கு முன்னால் அந்தப் பணம் திரும்ப வேண்டும். பங்கு என்ன விலைக்கு என்பதும் அன்று முடிவாகாது. அதனால் கரர், அதாவது மார்க்கம் தடுத்த ஒப்பந்த நிச்சயமின்மை, பற்றிய கேள்வி எழுகிறது. பேசித் திருத்த முடிந்த இடம் இது. முன்னுரிமை ஷரத்தை எடுத்துவிட்டு அன்றே விலை முடித்துச் சாதாரணப் பங்கு கொடுங்கள்.

சொந்தக்காரர் பணத்தில்தான் அதிகத் தவறு. 10 லட்சம் தினார் கொடுத்துவிட்டு ‘மாதம் 20 ஆயிரம் லாபம் தா’ என்றால் அது முளாரபா (ஒருவர் பணம், ஒருவர் உழைப்பு, லாபத்தில் பங்கு) அல்ல, பேர் மாற்றிய வட்டி. விகிதம் லாபத்தின் மீது இருக்க வேண்டும், போட்ட முதலின் மீது அல்ல. 60:40 என்று பேசி 2 லட்சம் லாபம் வந்தால் 1.2 லட்சம், 80 ஆயிரம். 3 லட்சம் நஷ்டமானால் முளாரபாவில் முழுவதும் பணம் போட்டவருக்கு, உழைத்தவருக்கு உழைப்பு போச்சு. அவர் அலட்சியமாகவோ ஒப்பந்தத்தை மீறியோ நடந்திருந்தால் மட்டும் ஈடு கேட்கலாம். இருவரும் பணம் போடும் முஷாரகாவில் 70:30 போட்டிருந்தால் நஷ்டம் கண்டிப்பாக 70:30தான். லாப விகிதத்தை வேறு மாதிரி பேசிக்கொள்ளலாம், நஷ்டத்தைப் பேச முடியாது.

கணக்கர்

அவர் சொன்னதோடு வங்கிப் பக்கத்தையும் சேர்க்கிறேன். 2020 மார்ச்சில் அல்ஜீரிய மத்திய வங்கியின் 20-02 விதி வந்த பிறகு அரசு வங்கிகளிலும் இஸ்லாமியப் பிரிவு திறந்தது. முராபஹா, இஜாரா (வாடகை), ஸலம் (முன்பணக் கொள்முதல்), இஸ்திஸ்னா (செய்வித்து வாங்குதல்) எல்லாம் பட்டியலில் உண்டு. மென்பொருள் அணிக்கு இதில் பெரும்பாலும் ஒன்றும் ஒட்டாது. முராபஹா என்றால் வங்கி ஒரு பொருளை முதலில் தான் வாங்கி, லாபம் வைத்து உங்களுக்கு விற்பது. லேப்டாப், சர்வர் பெட்டி வாங்கலாம். நிரலாளர் சம்பளத்தையும் கிளவுட் வாடகையையும் வாங்கி விற்க முடியாது. செலவில் பாதிக்கு மேல் அந்த இரண்டும்தான்.

பொருள் வாங்குபவர்களும் வரிசையில் தவறுகிறார்கள். கடைக்காரருக்கு முன்பணம் கட்டிவிட்டு வங்கிக்கு வந்தால் பொருள் ஏற்கெனவே உங்களுடையது, வங்கியால் விற்க முடியாது. முதலில் விலைப்புள்ளி மட்டும் வாங்குங்கள். பிறகு வாங்கிக்கொள்வதாக வங்கிக்கு வாக்குறுதிக் கடிதம். வங்கி வாங்கி அதன் பேரில் பில் வந்த பிறகே உங்களோடு விற்பனை ஒப்பந்தம். தேதிகள் இதே வரிசையில் இருக்க வேண்டும். தாமதக் கட்டணம் தர்மத்துக்குப் போகும் என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

நிரலாளர்

தொழுகை நேரச் செயலி செய்யும் அணிகளுக்கு ஒரு விஷயம். மென்பொருள் நூலகத்தின் மாதிரி நிரலை அப்படியே ஒட்டாதீர்கள். அல்ஜீரியாவில் ஃபஜ்ருக்குச் சூரியன் அடிவானத்துக்குக் கீழே 18 பாகை, இஷாவுக்கு 17. மாதிரியில் வட அமெரிக்க முறையின் 15 இருந்தால் அல்ஜியர்ஸில் ஃபஜ்ர் கால் மணி நேரம் போலத் தாமதமாகக் காட்டும். ரமலானில் அதை நம்பி ஸஹர் சாப்பிடுபவரின் நோன்பு கேள்விக்குறியாகிவிடும். அஸருக்கு மாலிகி வழக்கப்படி பொருளின் உயரத்தோடு ஒப்பிடும் நிழல் மடங்கு 1, ஹனஃபியின் 2 அல்ல. நேர மண்டலம் ஆண்டு முழுக்க யுடிசி+1. பிரான்ஸ் மண்டலத்தை எடுத்தால் கோடையில் ஒரு மணி நேரம் பிசகும்.

இருப்பிடத்தைச் சர்வருக்கு அனுப்பவே வேண்டாம், கணக்கு கைபேசியிலேயே முடியும். 2020 நவம்பரில் முஸ்லிம் ப்ரோ தொழுகைச் செயலியின் பயனர்களின் இருப்பிடத் தரவு எக்ஸ்-மோடு என்ற தரவு வணிக நிறுவனம் வழியாக அமெரிக்க ராணுவ ஒப்பந்ததாரர்கள் வரை போனது வெளிவந்தது. விளம்பர எஸ்டிகே (செயலியில் சேர்க்கும் வெளி நிரல் தொகுப்பு) சேர்க்கும் முன் அது எந்த அனுமதி கேட்கிறது என்று அனுமதிகள் எழுதியிருக்கும் மேனிஃபெஸ்ட் கோப்பைத் திறந்து பாருங்கள். துல்லிய இருப்பிடம் கேட்டால் அதைத் தூக்கிவிட்டு ஊர்ப் பட்டியல் கொடுங்கள். அல்ஜீரியாவில் 2018இன் 18-07 தனிநபர் தரவுச் சட்டமும் பொருந்தும்.