வாசிப்புப் பதிவுக்கு மைக்: கண்டென்சரா, டைனமிக்கா?

கதைவாசிப்பு:
வணக்கம். தன்னார்வலர்கள் வாசிக்கும் இலவச ஒலிநூல் தளமான லிப்ரிவாக்ஸுக்காகத் தமிழ் உரைநடை வாசித்துப் பதிவு செய்ய வேண்டும். கையில் இருப்பது விண்டோஸ் லேப்டாப்பும் 3.5 மி.மீ. பின் வைத்த காலர் மைக்கும். பத்துக்குப் பன்னிரண்டு அறை, டைல்ஸ் தரை, ஜன்னல் தெருப்பக்கம். ஆடாசிட்டி மென்பொருளில் பதிந்தால் பின்னால் ஓயாமல் ‘ஸ்ஸ்’ இரைச்சல். குரலும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது. பார்க்கிற வீடியோவிலெல்லாம் கண்டென்சர் மைக் (நுண்ணிய சத்தத்தையும் பிடிக்கும் வகை) வாங்கச் சொல்கிறார்கள். 8,000 ரூபாய் வரை போடலாம். எது நல்லது?

அலைவரிசை:
இரண்டும் வேறு வேறு கோளாறு. ‘ஸ்ஸ்’ பெரும்பாலும் லேப்டாப்பின் மைக் பூஸ்ட், அதாவது மைக் ஒலியை ஏற்றிக் கொடுக்கும் அமைப்பு. சவுண்ட் செட்டிங்ஸில் ரெக்கார்டிங், மைக், லெவல்ஸ் என்று போய்ப் பாருங்கள். பூஸ்ட் +20, +30 என்றிருந்தால் +10க்கு இறக்குங்கள். என்ஹான்ஸ்மென்ட்ஸ் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ‘உம்ம்’ என்ற ரீங்காரமும் இருந்தால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் அது 50 ஹெர்ட்ஸ் மின்சார ரீங்காரம். கிணற்றுக் குரல் டைல்ஸின் எதிரொலி, அது எந்த மைக் வாங்கினாலும் போகாது.

பிறகு பத்து வினாடி பேசாமலும், பத்து வினாடி வாசித்தும் பதிந்து, தனித்தனியே செலக்ட் செய்து அனலைஸ் மெனுவில் மெஷர் ஆர்எம்எஸ் கொடுங்கள். சராசரிச் சத்த அளவை டெசிபெல்லில் காட்டும்; எண் சுழியத்துக்கு அருகே வர வரச் சத்தம் அதிகம். இரண்டு எண்ணையும் இங்கே போடுங்கள்.

கதைவாசிப்பு:
பூஸ்ட் +30ல் இருந்தது, குறைத்துவிட்டேன். ஃபேன் ஓடும்போது மௌனம் −58, குரல் −34. ஃபேனை நிறுத்தினால் மௌனம் −66. ஆடியோபுக் தளமான ஏசிஎக்ஸ் −60 தானே கேட்கிறது? அப்படியென்றால் இது போதுமா?

மிக்சர்மேசை:
போதாது. ஏசிஎக்ஸ் குரலை −23க்கும் −18க்கும் இடையில் கேட்கிறது. அந்த அளவில்தான் மௌனம் −60க்குக் கீழே இருக்க வேண்டும். உங்கள் குரலை −20க்கு உயர்த்த 14 டெசிபெல் ஏற்றினால் மௌனமும் கூடவே ஏறி −52 ஆகிவிடும். பார்க்க வேண்டியது இடைவெளியை: ஃபேன் ஓடினால் 24, நிறுத்தினால் 32, வேண்டியது 40.

மிச்சம் 8 டெசிபெல்லுக்குக் குறுக்குவழி, மைக்கை வாய்க்கு அருகே கொண்டுவருவது. தூரம் பாதியானால் குரல் 6 டெசிபெல் கூடும், அறைச் சத்தம் அப்படியே நிற்கும். நெஞ்சில் குத்திய காலர் மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கிறது. அதோடு அவற்றில் பெரும்பாலானவை எல்லாத் திசையிலும் கேட்பவை. அரைச் சாணில் வைத்துப் பேசக்கூடிய கார்டியாய்ட் (முன்பக்கத்தையே அதிகம் கேட்கும்) டைனமிக் (கண்டென்சரைவிட உணர்திறன் குறைந்த) மைக் வாங்குங்கள். சாம்சன் க்யூ2யூ, ஆடியோ-டெக்னிகா ஏடிஆர்2100எக்ஸ் இரண்டிலுமே யூஎஸ்பியும் எக்ஸ்எல்ஆரும் (ஸ்டுடியோ மைக் இணைப்பு) உண்டு. இப்போதைக்கு இன்டர்ஃபேஸ் (எக்ஸ்எல்ஆர் மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி) தேவையில்லை. எந்தக் கடையில் உங்கள் பட்ஜெட்டுக்குள் கிடைக்கிறதோ அதை எடுங்கள். ஷ்யூர் எஸ்எம்7பி பக்கம் போக வேண்டாம்; அதற்கு ஏறக்குறைய 60 டெசிபெல் கெயின் (ஒலிப்பெருக்கம்) வேண்டும், விலை மலிவான இன்டர்ஃபேஸ் திணறும்.

அலைவரிசை:
ஒன்று சேர்க்கிறேன். டைனமிக் வெளிச்சத்தத்தை வடிகட்டும் என்று பலர் சொல்வது பாதிதான் சரி. ஒரு முழம் தள்ளி வைத்தால் அதுவும் தெருவைத்தான் பதியும். அருகில் வைத்துப் பேச வசதியானது, அதனால்தான் நல்லது.

வைக்கும் விதம் முக்கியம். கார்டியாய்டின் காது மந்தமான பக்கம் அதன் பின்புறம்; அது ஜன்னலைப் பார்க்கட்டும். அதாவது நீங்கள் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து வாசிக்க வேண்டும். மைக் உங்கள் முதுகுக்குப் பின்னாலுள்ள சுவரைப் பார்க்கும். அங்கே இலவம்பஞ்சு மெத்தையைச் சாய்த்து வையுங்கள், காலடியில் ஜமுக்காளம் விரியுங்கள். கிணறு அதில்தான் அடங்கும். முட்டை அட்டை ஒட்டுவது வீண்வேலை. ‘ப’ வரும்போது காற்று மோதித் ‘தப்’ என்றால் மைக்கை வாயின் ஓரத்துக்குச் சற்றே சாய்த்து, நுரை உறை போடுங்கள். மேசை ஸ்டாண்ட் பக்கம் புரட்டும் அதிர்வையெல்லாம் வாங்கும், பூம் ஆர்ம் (மைக்கைத் தாங்கும் மடக்குக் கை) நல்லது.

கதைவாசிப்பு:
க்யூ2யூ வாங்கியாயிற்று. ஃபேன் இல்லாமல் மௌனம் −67, குரல் −24. ஆனால் ஹெட்போனில் இடது காதில் மட்டும் கேட்கிறது, மைக் பழுதா?

மிக்சர்மேசை:
பழுதில்லை. இடைவெளி 43, அருமை. ஆடாசிட்டியில் ரெக்கார்டிங் சேனல் ஸ்டீரியோவில் இருக்கிறது, மோனோவுக்கு மாற்றுங்கள். பதிந்துவிட்டதை அந்த டிராக்கின் பெயருக்குப் பக்கத்திலுள்ள மெனுவில் ஸ்ப்ளிட் ஸ்டீரியோ டு மோனோ கொடுத்து, வெற்று டிராக்கை அழித்துவிடலாம். 80 ஹெர்ட்ஸில் ஹை-பாஸ் (அதற்குக் கீழான உறுமலை வெட்டும் ஃபில்டர்) போடுங்கள். நாய்ஸ் ரிடக்‌ஷன் தேவைப்பட்டால் 6 டெசிபெல்லோடு நிறுத்துங்கள், மேலே போனால் சொற்களின் வால் நீருக்குள் கேட்பதுபோல் ஆகிவிடும். லிப்ரிவாக்ஸுக்கு 44.1 கிலோஹெர்ட்ஸ், 128 கேபிபிஎஸ் எம்பி3, கடைசியில் 5 வினாடி மௌனம்.