மறு: திருநாள் வரி லிஸ்ட் – எனக்க பேரு ஏன் காணலன்னு கேட்டதுக்கு

எல்லாருக்கும் வணக்கம்.

போன வாரம் இந்த குரூப்புல குவைத் அண்ணன் பகடியா என்னப் பத்தி ஒண்ணு எழுதியிருந்தாரு, நம்ம ஊர் கோயில் திருநாளுக்கு வரி குடுத்தவங்க லிஸ்ட்ல ஜெர்மனிக்காரன் பேரு காணல, வேதத்த, அதாவது கிறிஸ்தவத்த, விட்டுட்டானோன்னு. பகடிதான், தெரியும். ஆனா அதுக்குக் கீழ நாலு பேரு கும்பிடுற பொம்ம வேற போட்டு, அது எப்படியோ அம்மைக்கு எட்டி, நேத்து ராத்திரி போன்ல ஒரே அழுகை. அதனால நானே எழுதிடுறேன், கொஞ்சம் நீளும்.

நான் டார்ட்மண்ட் வந்தது 2016ல. வந்த ரெண்டு வாரத்துக்குள்ள நகராட்சி ஆபீஸ்ல போய் விலாசம் பதியணும், அந்த ஃபாரத்துல மதம்னு ஒரு கட்டம். நம்ம ஊர்ல ஒண்ணாங்கிளாஸ்ல இருந்து எழுதிப் பழகின கைதானே, யோசிக்காம ரோமன் கத்தோலிக்கன்னு எழுதிட்டு வந்தேன். முதல் சம்பளச் சீட்டுல ஒரு பிடித்தம் புரியல, கூட வேலை பாக்குற நர்ஸ் சொல்லித்தான் தெரியும், சபை வரி. வருமான வரி எவ்வளவோ அதுல ஒன்பது சதவீதம், நானூறு யூரோ போச்சுன்னா முப்பத்தாறு. கவர்மெண்டே பிடிச்சு சபைக்குக் குடுத்துடும், சட்டத்துலயே இருக்கு, 1919 வைமார் காலத்துல எழுதினத இன்னைக்கும் வச்சிருக்கானுவ.

எனக்கு சிரிப்பு வந்துச்சு. அப்பா அடக்கத்தன்னைக்கு, பெட்டி முற்றத்துல இருக்கும்போ, மூணு வருஷ கோயில் வரி பாக்கின்னு நோட்டுப்புக்கோட ரெண்டு பேரு வந்து நின்னாவ, ஞாபகம் இருக்கா? மாமா கடன் வாங்கிக் குடுத்த பொறவுதான் கோயில்ல சாவு மணி அடிச்சுது. யாரையும் குத்தம் சொல்ல எழுதல, ஆனா அந்த மணிச்சத்தம் எனக்கு இன்னும் ரசீது கிழிக்கிற மாதிரிதான் கேக்குது.

இங்க ஆனா ஒரு வித்தியாசம், வரி பிடிப்பானே தவிர நீ வந்தியா வரலியான்னு ஒருத்தனும் கேக்க மாட்டான். ஞாயித்துக்கிழமை பதினோரு மணி வரை தூங்கினேன் ஓய். அஞ்சு மணிக்கு மைக் செட் கிடையாது, அன்பியத்து (பங்குல பத்து வீட்டுக்கு ஒரு ஜெபக்கூட்டம்) ஆளு கதவ தட்டாது. முதல் நாலு ஞாயிறு பூசைக்குப் போகாததுக்கு தண்டனையா டிராம்ல அடிபட்டுருவேனோன்னு பயந்தேன், அஞ்சாவது ஞாயிறு மறந்தே போச்சு. மூணு வருஷம் அப்படி.

நான் வேலை பாக்குற முதியோர் இல்லத்துல ஒரு பாட்டி, கோயிலுக்குப் போய் நாப்பது வருஷமாச்சாம், ஆனா சபைய விடல. ஏன்னு கேட்டா, ஃபயர் சர்வீஸ் மாதிரிதான், தினமும் கூப்பிடவா செய்யோம்ங்குறா.

விடணும்னா சுலபம். எங்க மாநிலத்துல கோர்ட்டு ஆபீஸ், முப்பது யூரோ, ஒரு கையெழுத்து. 2022 மே 15 நம்ம தேவசகாயம் பிள்ளைக்கு ரோம்ல புனிதர் பட்டம் குடுத்தாவளே, நான் லைவ்ல பாத்துட்டு இருந்தேன். நட்டாலம் நம்ம வீட்டுல இருந்து பைக்ல போற தூரம், 1745ல ஞானஸ்நானம் வாங்கின மனுஷன், 1752ல காத்தாடிமலையில சுட்டுக் கொன்னாவ. அதே 2022ல மட்டும் இங்க கத்தோலிக்க சபைய விட்டவங்க 5,22,821 பேரு. ரெண்டும் ஒரே வருஷம். அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கம் வரல, ஏன்னா கோர்ட்டுல நானும் ஒரு அப்பாயின்ட்மெண்ட் வாங்கி வச்சிருந்தேன்.

போகல. பெரிய காரணம் ஒண்ணும் இல்ல, தங்கச்சி பிள்ளை ஞானஸ்நானத்துக்கு நான்தான் ஞானத்தகப்பன்னு பேசி வச்சிருந்துது. இங்கத்த ஆயர்மார் 2012ல போட்ட உத்தரவுப்படி, விட்டவனுக்கு பூசையில நன்மையும் (அப்பம் வாங்குறது) கிடையாது, ஞானத்தகப்பனாவும் நிக்க முடியாது. இங்கயும் நோட்டுப்புக்குதான், கம்ப்யூட்டர்ல இருக்கு, அவ்வளவுதான்.

அதுக்கடுத்த வருஷம் ஒரு யாழ்ப்பாணத்து நண்பர் இங்க ஹாம்னு ஒரு ஊர்ல இருக்குற காமாட்சி அம்மன் கோயில் தேருக்கு கூட்டிட்டுப் போனாரு. நம்ம ஊர் பக்கம் கொல்லங்கோடு அம்மன் கோயில் தூக்கத் திருவிழாக்கு நாம வேலிக்கு வெளிய நின்னு கடலை தின்னதோட சரி, உள்ள கால் வச்சா அன்பியக் கூட்டத்துல பேச்சாயிடும். இங்க நாகஸ்வரத்துக்குப் பின்னால நடந்து, கால்வாய்ல தீர்த்தம் ஆடுறதும் பாத்து, சோறும் தின்னுட்டு வந்தேன். ஆகஸ்ட்ல அதே மனுஷன் போன் போட்டு, கெவலார் மாதா கோயிலுக்கு வாறீங்களோன்னு கேக்குறாரு. அவரு சைவ சமயம்! சின்னப்பிள்ளையில இருந்து வருஷா வருஷம் போறாராம். “நீங்கள் வேதக்காரர்தானே, ஏன் ஒருக்காலும் வரேல்லை?”

போனேன். ஆயிரக்கணக்குல தமிழாளுங்க, புளிச்சோத்து மணம், எல்லாரும் அருள் நிறைந்த மரியேன்னு சொல்றாவ, எனக்க வாயில வந்தது பாறசாலை பாட்டி மலையாளத்துல சொல்லித்தந்த “நன்ம நிறஞ்ஞ மறியமே”. பாட்டி செத்து இருபது வருஷம். பக்கத்துல நின்ன அக்கா திரும்பிப் பாத்தாவ, நான் நிறுத்தல.

இப்ப லீவு கிடைச்சா பூசைக்குப் போவேன், கடைசி பெஞ்சு, பாதி ஜெர்மன் புரியாது. சாமியார்கிட்ட பாவத்தச் சொல்ற பாவசங்கீர்த்தனம் கிடையாது. சில நாள் ஹாமுக்கும் போவேன். இதுக்கு என்ன பேருன்னு கேட்டா எனக்கு சொல்ல வரல, விட்டுட்டானோன்னா விடல.

ஊர் கோயிலுக்கு நம்ம வீட்டு வரி தம்பி கெட்டுறான், அது போதும். இங்க மாசாமாசம் போறது தனி. திருநாளுக்கு பத்தாயிரம் ரூபாய் அனுப்புறேன், சமபந்திக்கு எழுதுங்க, வெடிக்கெட்டுக்கு வேண்டாம், மைக்ல பேரு வாசிக்கவும் வேண்டாம். செக்ரட்டரி அண்ணன் அக்கவுண்ட் நம்பர் ஒருக்க அனுப்புங்க, போன தடவ போட்டது திரும்பி வந்துட்டு.

அம்மைக்கிட்ட யாரும் வேற ஒண்ணும் சொல்லாண்டாம்.