சளிக்கு அடியில் இருந்த பாலிப்

அப்பாவுக்குப் பெருங்குடலில் புற்றுநோய் வந்ததால் 40 வயதிலேயே கொலோனோஸ்கோபிக்கு, அதாவது கேமராக் குழாயை உள்ளே விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனைக்குப் போனேன். லேசான மயக்கம்தான், திரை தெரிந்தது. குழாயைத் திரும்ப இழுத்து வரும்போது, வலப்பக்கக் குடலில் ஒரு மடிப்பருகே டாக்டர் நின்றுவிட்டார். என் கண்ணுக்குக் கொஞ்சம் மஞ்சள் சளி ஒட்டியிருந்ததே தவிர வேறொன்றும் இல்லை. ஒரு பொத்தானை அழுத்தினார். திரையின் நிறம் மாறி, அந்தச் சளி மட்டும் சிவந்து தெரிந்தது. தண்ணீர் பீய்ச்சிக் கழுவியதும் அடியில் மேகத்துண்டு போல ஒரு பாலிப், அதாவது குடல் சுவரில் முளைக்கும் சதை வளர்ச்சி, தட்டையாகப் படிந்திருந்தது. விளிம்பு எங்கே முடிகிறது என்றே புரியவில்லை, நடுவே கரும்புள்ளிகள். 12 மில்லிமீட்டர். அங்கேயே எடுத்துவிட்டார்கள். பயாப்சியில் செரேட்டட் (ரம்பப்பல் போன்ற அமைப்புள்ள) வகை என்று வந்தது, விட்டுவைத்தால் வருடங்கள் கழித்துப் புற்றாக மாறக்கூடியதாம். 3 வருடத்தில் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். அப்பாவுக்கும் யாராவது இப்படி நின்று பார்த்திருந்தால் என்று அன்று இரவு முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் அனுபவங்களையும் சொல்லுங்கள்.

பதில் – குடல்நோய் மருத்துவர்

அவர் அழுத்தியது என்.பி.ஐ. என்ற குறுகிய அலைநீள ஒளிக்கான பொத்தானாக இருக்கும். 415, 540 நானோமீட்டர் அளவில் நீலமும் பச்சையும் மட்டும் விழும். இரண்டையும் ஹீமோகுளோபின் உறிஞ்சுவதால் ரத்தக்குழாய்கள் கருமையாக எடுப்பாகத் தெரியும், அடினோமா என்ற, புற்றாக மாறக்கூடிய இன்னொரு வகைப் பாலிப் பழுப்பாகத் தெரியும். கற்ற புதிதில் எல்லோருக்கும் முழுக்க இந்த ஒளியிலேயே பார்த்தேன். அது தவறு. குடல் சுத்தமாக இல்லாவிட்டால் மிச்சத் திரவம் ரத்தம் போலச் சிவந்து, படமே இருண்டுவிடும். அப்படிப் பார்த்து முடித்த ஒருவருக்கு, வலப்பக்கத்தைக் கழுவி வெள்ளை ஒளியில் மறுபடி பார்த்தபோது 2 அடினோமா அகப்பட்டன. அன்றிலிருந்து வலப்பக்கத்தை இருமுறை பார்க்காமல் குழாயை எடுப்பதில்லை. அடுத்தடுத்து இருமுறை பார்த்த ஆய்வுகளைத் தொகுத்து 2006-இல் வந்த கணக்கில், முதல் பார்வையில் தப்பிய பாலிப்கள் சுமார் 22 சதவீதம். இழுத்து வரக் குறைந்தது 6 நிமிடம் என்பது நெடுநாள் விதி; அமெரிக்க வழிகாட்டுதலில் 2024-இல் அது 8 ஆனது. எனக்கு 6 நிமிடம் போதுவதில்லை.

பதில் – எண்டோஸ்கோபி நர்ஸ்

எங்கள் அறைக்கு இப்போது ஏஐ வந்திருக்கிறது. பாலிப் தென்பட்டால் திரையில் கட்டம் போட்டுக் காட்டும். ஆனால் மடிப்புக்குப் பின்னால் கேமரா போனால்தானே காட்டும்! அதற்குக் குழாய் முனையில் மாட்டும் பிளாஸ்டிக் தொப்பி ஓரளவு உதவுகிறது.

பரிசோதனைக்கு முன் குடலைச் சுத்தம் செய்யும் பேதி மருந்தை இரவு பாதி, காலை பாதி என்று பிரித்துக் குடித்தவர்களின் குடல் சுத்தமாக இருப்பது பார்த்த உடனே தெரியும். குமட்டுகிறதென்று காலைப் பாதியை விட்டவர்களுக்கு வலப்பக்கத்தில்தான் மஞ்சள் நீர் தேங்கி நிற்கும். அப்படி விட்டிருந்தால் வந்ததுமே சொல்லிவிடுங்கள், திட்டமாட்டோம். கழுவுவதற்குக் கூடுதல் நேரம் ஒதுக்கிக்கொள்வோம்.